பெரிய மனுசன்

தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது மைக்செட்டில் தன் புருசனின் பேர் வருவதைப் பேச்சாயி கேட்டாள். காளியம்மன் கோயில் திருவிழாவுக்கு வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் அகரம் ஊர் முழுக்கக் கேட்கும். அன்னதானத்துக்கு அழகுராஜா அண்ணன் பத்தாயிரத்து ஒரு ரூபாய் தந்திருக்கிறார் என்று சொன்னவர்கள், யார் காதிலாவது விழாமல் போயிருக்குமோ என்பதுபோல இன்னொரு தரமும் சொன்னார்கள். அவள் கை நிற்கவில்லை. வெள்ளை தீர்ந்து, ஓட்டின் கறுப்பு துருவலோடு சேர்ந்து விழும்வரை துருவிக்கொண்டே இருந்தாள்.

எந்தப் பணம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நூல் மில்லில் ஓவர்டைம் பார்த்து, போதாததற்கு ஏலச்சீட்டையும் நட்டத்துக்குத் தள்ளி எடுத்து, மகள் ஜீவிதாவின் பள்ளிக்கூட ஃபீசுக்கென்று முந்தின நாள் காலையில் அவன் கையில் கொடுத்த பணம். மில் வண்டி அவளைச் சாயங்காலம் இறக்கிவிடுவதற்குள் பள்ளிக்கூட ஆபீசைப் பூட்டிவிடுவார்கள் என்பதால்தான் அவனிடம் கொடுக்க வேண்டியிருந்தது. நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லித்தான் கொடுத்தாள். சொல்லும்போதே, சந்தைக்குப் போகிற சின்னப் பிள்ளையிடம் சொல்வதுபோல இருந்தது.

அழகுராஜாவுக்குப் பூத் தரகு. பைக்கில் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சம்பங்கியும் செண்டுமல்லியும் பேசி, திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் சேர்ப்பித்துக் கமிஷன் வாங்குவான். வாங்குவான் என்பது பேச்சுக்குத்தான். கமிஷன் தராதவர்களிடம் வாய்விட்டுக் கேட்க மாட்டான். நம்ம ஆளு, தருவாரு என்பான். குடிப்பதில்லை. அதுதான் பேச்சாயிக்கு ஆற்றாமை. குடிகாரனாக இருந்திருந்தால் ஊரே அவளுக்காக உச்சுக்கொட்டியிருக்கும். இவனோ டீக்கடையில் நின்ற அத்தனை பேருக்கும் காசு கொடுப்பான். பத்திரிகை வைத்தவன் முகமே தெரியாவிட்டாலும் ஆயிரத்துக்குக் குறைந்து மொய் எழுத மாட்டான். எவன் வீட்டு விசேஷத்து ஃபிளெக்ஸ் ஆனாலும் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு கீழ்வரிசையில் சிரிப்பான். ஊருக்கு அவன் தங்கமான மனுசன். அந்தத் தங்கத்தை அடகுக்கடையில் வைத்தால் ஐநூறு தேறாது என்று பேச்சாயி நினைத்துக்கொள்வாள்.

அவனோடு அவள் சண்டை போட்டதில்லை. சண்டை போடுவதற்கு எதிரில் ஒரு ஆள் வேண்டும் அல்லவா? அவளிடம் இருந்தது வேறொன்று. ஷூ வேண்டும், வாட்டர் பாட்டில் வேண்டும், டூருக்குப் பணம் வேண்டும் என்று பிள்ளைகள் எதைக் கேட்டாலும், ஒரே பதில் வைத்திருந்தாள்.

"உங்கப்பாட்ட கேளு. பெரிய மனுசன்ல."

சின்னவன் முகேஷ்குமார் நிஜமாகவே போய்க் கேட்பான். நாளைக்கு வாங்கிருவோம் அப்பு என்று அழகுராஜாவும் சிரித்துக்கொண்டே சொல்லுவான். எட்டாம் வகுப்புப் படிக்கும் ஜீவிதா கேட்பதையே விட்டுவிட்டாள். ஆனால் வீட்டில் எது எதற்குப் பணம் போகிறது, எது அப்பாவால் போனது என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். வெங்காயம் உரிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் பேச்சாயி மகளிடம்தான் கொட்டுவாள். வேறு யாரிடம் கொட்டுவது? மகளும் வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டுக்கொள்வாள்.

மைக்செட் சத்தம் கேட்டபோது ஜீவிதா யூனிபார்மைக்கூட மாற்றாமல் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து அங்கேதான். இப்போது பேசினாள். ஃபீஸ் கட்டாதவர்களை ஆபீஸ் வாசலில் நிறுத்தினார்களாம். எங்கப்பா நேற்றே கட்டிவிட்டார் என்று இவள் அழுத்தமாகச் சொல்லியிருக்கிறாள். கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு, பொய் வேறு சொல்கிறாயா என்று எல்லார் முன்னாலும் கேட்டார்களாம். அழாமல் சொன்னாள். பேச்சாயி சட்னிக்கு உப்புப் போட்டாளா இல்லையா என்று அவளுக்கே நினைவில்லை.

இருட்டுகிற நேரத்துக்கு அழகுராஜா வந்தான். தோளில் கமிட்டிக்காரர்கள் போட்ட ஜரிகைத் துண்டு. கையில் பொங்கல் தூக்கு. நெற்றியில் விபூதி வேர்வையில் கரைந்து மூக்குவரை வழிந்திருந்தது. யாரும் கேட்பதற்கு முன்னால் அவனே சொன்னான். நேற்றுப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் கமிட்டித் தலைவர் காமராஜ் மேடையில் வைத்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாராம். இல்லை என்று எப்படிச் சொல்வது? திங்கட்கிழமை மூன்று தோட்டத்திலிருந்து கமிஷன் வர வேண்டும், வந்ததும் கட்டிவிடலாமாம்.

பேச்சாயி தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றினாள். ஜீவிதாதான் எழுந்து வந்தாள்.

"அப்பா, அந்தத் துண்ட நாளைக்கு எனக்குக் குடுங்க. ஆபீஸ்ல காட்டுறேன். பத்தாயிரத்தொரு ரூவா துண்டுன்னு சொன்னா உள்ள விட்டாலும் விடுவாங்க."

முகேஷ் கெக்கெக்கே என்று சிரித்தான். அழகுராஜாவும் கூடச் சேர்ந்து சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நின்றான். பேச்சாயிக்குள் ஒரு தித்திப்பு ஓடியது. இத்தனை வருசம் தான் சொல்லாமல் வைத்திருந்ததை யாரோ சொல்லிவிட்டார்கள். அந்தத் தித்திப்போடுதான் மகளைப் பார்த்தாள். உதட்டின் ஒரு ஓரம் கீழே இறங்கியிருந்தது. கண், அப்பனின் முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பித்தானைப் பார்த்தது. பதிமூன்று வயது முகத்தில் அது எங்கிருந்து வந்து உட்கார்ந்தது என்று கேட்கத் தேவையில்லை. பேச்சாயி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"திங்கக்கெழம கட்டிர்றேன் ஆத்தா," என்றான் அழகுராஜா.

"கட்டுவீங்க," என்றாள் ஜீவிதா.

அவன் சாப்பிடாமல் வெளியே போனான். பாத்திரம் கழுவும்போது பேச்சாயி மகளிடம், அப்பாவிடம் அப்படிப் பேசக் கூடாது என்றாள். தன் குரல் தனக்கே பொய்யாகக் கேட்டது. ஜீவிதா தட்டை அலசிக் கவிழ்த்துவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னாள்.

"நீங்க பேசுறதுதானம்மா."

திங்கட்கிழமை கமிஷன் வரவில்லை. அழகுராஜா பைக்கைக் காமராஜிடமே அடகு வைத்து ஃபீசைக் கட்டிவிட்டு, ரசீதைக் கொண்டுவந்து டிவிக்கு மேலே வைத்தான். பைக் இல்லாமல் தோட்டம் தோட்டமாக எப்படிப் போவான், தரகு எப்படி நடக்கும் என்று பேச்சாயி கேட்கவில்லை. ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ கொஞ்சம் இளகியது. அன்றைக்கு அவனுக்கு முட்டை பொரித்து வைத்தாள்.

மறுநாள் காலையில் மில் வண்டியில் ஏறியதும் பக்கத்து சீட்டுக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒன் வீட்டுக்காரரு மக படிப்புக்காக வண்டியவே குடுத்துட்டாராமுல்ல. டீக்கடையில சொல்லிக்கிட்டிருந்தாராம், எங்க வீட்ல சொன்னாக. குடுத்து வச்சவ நீயி." பேச்சாயி சிரித்தாள். மறுபடியும் அதே பெரிய மனுசன்தான். அப்பாடா என்றுகூட இருந்தது. இளகியது மறுபடி இறுகி, பழகிய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

வண்டி பஸ் ஸ்டாப்பை நெருங்கியபோது அவர்கள் மூவரும் நின்றிருந்தார்கள். இத்தனை நாள் பைக்கில் போனவர்கள். அழகுராஜா மகனின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நின்றவர்களிடம் எதையோ கையை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான். ஜீவிதா தள்ளி, கரண்டுக் கம்பத்தடியில் யாரோ போல நின்றாள். அப்பனிடம் ஓடப் பார்த்த தம்பியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவன் இழுக்க இழுக்க அவள் விடவில்லை.

வேகத்தடைக்காக வண்டி மெதுவானது. அழகுராஜா பார்த்துவிட்டான். பேச்சை நிறுத்திவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக, அவளைப் பார்த்துக் கையைத் தூக்கினான். வண்டிக்குள் இருந்த பெண்கள் எல்லாரும் பேச்சாயியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கை ஜன்னல் கம்பியில் இருந்தது. கம்பத்தடியிலிருந்து ஜீவிதாவும் நிமிர்ந்து, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.