லைனுக்கு ஒரு ஆள்

"உன்ன யாருடி சிபாரிசு பண்ணச் சொன்னா? எங்கள ஒரு வார்த்தை கேட்டியா—"

"நல்லது செஞ்சா இதான் மரியாதையா? அக்கா கை ஒடிஞ்சு கெடந்தப்ப—"

"கை ஒடிஞ்சா கட்டுப் போடு. ஆளையே தூக்கிட்டுப் போவியா?"

"கத்தாத வாசுகி, புள்ளைங்க முழிச்சிக்கும்!"

"முழிச்சாச்சு!"

முழித்துத்தான் விட்டன. ரெங்கம் ஊரில் புஷ்பவள்ளியின் வீட்டுக் கூடத்தில் ஒன்று அழ, அதற்குத் துணையாக இன்னொன்று அழ, விடிவதற்குள் கச்சேரி களைகட்டிவிட்டது. வாசலில் வாசுகியும் பிரேமலாவும் மல்லுக்கட்ட, நடுவில் பால் புட்டியும் கையுமாக நின்றாள் புஷ்பவள்ளி. உடம்பில் புத்தம் புது நீலச் சட்டை. குளுவாங்கில் இருக்கும் கையுறை ஃபேக்டரியில் அவளுக்கு இன்றுதான் முதல் நாள்.

அந்தத் தெருப் பெண்களில் பாதிப் பேருக்கு அதே ஃபேக்டரிதான். பஸ் வருமுன் பிள்ளைகளை இவளிடம் போட்டுவிட்டு ஓடுவார்கள். போன வருஷம் புஷ்பவள்ளி அப்படி ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டும்போது வழுக்கி விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டாள். "என்ன வேலை?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, "சும்மா வீட்லதான்" என்றாள். அடிபட்டால் கைகொடுக்கச் சொக்சோ காப்புறுதி இல்லை, முதுமைக்கு இ.பி.எஃப். சேமிப்பு இல்லை. கூடப் போன பிரேமலாவுக்கு மனசு ஆறவில்லை. ஃபேக்டரியில் அவள் லைன் லீடர், சொல்லுக்கு மதிப்புண்டு. கையுறை செய்யும் லைனுக்கு ஆள் தேவை என்றதும் அக்கா பெயரைக் கொடுத்துவிட்டாள். புஷ்பவள்ளிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கழுத்தில் தொங்கவிட, பெயர் போட்ட கார்டு!

"அக்கா வேலைக்கு வந்துட்டா என் பையன யாரு பாக்குறது?" என்றாள் வாசுகி.

"உன் மாமியார் இருக்காங்கன்னு நெனச்சேன்."

"அவங்க கோத்தா திங்கில மக வீட்ல. அது கெடக்கட்டும், உன் லோஷினி எங்க?"

பிரேமலா மெல்லத் திரும்பிக் கூடத்தைப் பார்த்தாள். பாயில் கட்டைவிரலைச் சூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் லோஷினி.

"ஐயோ, அலமாக்! அக்கா இருப்பாங்கன்னு விட்டுட்டேன்."

"அக்கா உன்கூட பஸ்ல வராங்க! நல்ல லைன் லீடர்லா நீ!"

புஷ்பவள்ளி ஒன்றும் மறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோரிடமும் சொன்னாள். எல்லோரும் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். அப்புறம் ஒவ்வொருத்தியாகத் தனியே வந்து, "என் புள்ளைய மட்டும் பாத்துக்குவீங்கல்லக்கா?" என்று காதோடு கேட்டார்கள். வேலை கிடைத்த குஷியில் இவளும் அத்தனை பேருக்கும் தலையாட்டிவிட்டாள். எந்த தைரியத்தில் ஆட்டினோம் என்று இப்போது அவளுக்கே விளங்கவில்லை.

தெருமுனையில் ஃபேக்டரி பஸ் ஹாரன் அடித்தது. டிரைவர் சுகுமாறன் தலையை வெளியே நீட்டி, "ஏறுறீங்களா, இல்ல நான் மட்டும் போயி கையுறை செய்யவா?" என்று கத்தினான். வீட்டு கேட்டுக்கு வெளியே மற்ற பெண்கள் இடுப்பில் பிள்ளைகளோடு நின்றார்கள். ஒருத்தியும் ஏறவில்லை.

பிரேமலா சூப்பர்வைசர் தயானந்தனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"யாருமே வரலையா? ஆள் பத்தலைன்னுதானே புது ஆள் எடுத்தோம்!"

"புது ஆள் வந்தா பழைய ஆளுங்க வர முடியாது சார்."

"ஒண்ணும் புரியலையே."

"எங்களுக்கும்தான் சார்." பிள்ளை விஷயத்தை அவள் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தாள்.

"அப்போ அந்த அக்காவ வீட்லயே இருக்கச் சொல்லு. மத்தவங்க ஏறுங்க. லைன் ஓடணும்."

அவ்வளவுதான். கூடம் பிள்ளைகளால் நிரம்பிவிட்டது. வாசுகி தன் பையனைப் புஷ்பவள்ளியின் கையில் திணித்து, அவள் முகத்தைப் பார்க்காமலே, "கோவிச்சுக்காதீங்கக்கா" என்று முணுமுணுத்துவிட்டு ஓடினாள். பையன் புதுச் சட்டையின் தோளில் பாலைக் கக்கினான். துடைப்பதா, சட்டையைக் கழற்றிவிடுவதா என்று தெரியாமல் நின்றாள் புஷ்பவள்ளி.

"சாயங்காலம் பேசிக்கலாம்க்கா, என்ன?" என்றாள் பிரேமலா, ஒரு காலை வாசல் படியில் வைத்தபடி.

புஷ்பவள்ளி கையை நீட்டி அவளிடமிருந்த போனை வாங்கினாள். லைனில் இன்னும் தயானந்தன் இருந்தார்.

"சார், நான்தான் அந்தப் புது ஆளு பேசுறேன். நான் வந்தா ஒங்க லைன் நிக்குது, வராட்டி ஓடுது. அப்போ இன்னிக்கு எனக்கு லீவா சார், வேலையா?"