முதுகு காட்டும் முத்திரைக் கடை

முனீப் ஊருக்கெல்லாம் நல்ல மனிதன். கேட்டவருக்கு இல்லை என்று சொல்ல அவனுக்கு வராது. அந்தப் பழக்கத்தில்தான் பெண்சாதி சனூஸாவின் கடையையும் தூக்கி இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு வந்து, கை கழுவி, சோற்றுக்கு உட்கார்ந்தான்.

“தவராசா அண்ணன் கோல் எடுத்தவர்,” என்றான். “உன்ட முத்திரை முழுக்க ஒரேயடியா எடுக்கிறாராம். கொழும்பில இருந்து வான் கொண்டு வாறாராம். நானும் ஓமெண்டுட்டன்.”

சனூஸா மீன் ஆணச் சட்டியை வைத்த சத்தத்தில் கதிரைக்கு அடியில் கிடந்த பூனை எழுந்து வெளியே போனது.

“ஆரைக் கேட்டு ஓமெண்டீங்க?”

“எட்டு மாசத்தில ஏழு பேர் வாங்கியிருக்காங்க. இதுக்குப் பேர் கடையா? மாரி வரப்போகுது. திருத்த வந்த எஞ்சின் எல்லாம் முற்றத்தில நனையும். எனக்கு முன்னறை வேணும்.”

அவன் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. உள்துறைமுகப் பக்கத்தில் வள்ளத்து எஞ்சின் கெட்டால் முனீப்பிடம்தான் வருவார்கள். திருத்தி முடித்த ஒவ்வொரு எஞ்சினிலும் ஆணியால் ‘மு’ என்று கீறித்தான் திருப்பிக் கொடுப்பான். வீட்டின் முன்னறையோ எட்டு மாதமாகப் பழைய தபால் முத்திரைகளின் கையில் இருந்தது.

அதற்குக் காரணம் கச்சான் கடலை. ஒரு நாள் அவள் வாங்கிவந்த கச்சான் சுருளைப் பிரித்தால், சுற்றிய கடதாசி ஒரு பழைய கடித உறை, அதில் பனாமா நாட்டு முத்திரை. விசாரித்துக்கொண்டு போனாள். துறைமுகத்தில் மூடிவிட்ட ஒரு கப்பல் முகவர் கந்தோரின் பழைய கடிதங்கள் எல்லாம் பழைய பேப்பர் கடையில் கிடந்தன. பதினொரு சாக்கையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். உறையிலிருந்து முத்திரையை வெட்டி, பேசினில் தண்ணீரில் ஊறவைத்து, இடுக்கியால் உரித்து, துவாயில் குப்புறப் போட்டு உலர்த்துவாள். முதுகில் மிச்சப் பசை இருக்கும். மல்லாக்கப் போட்டால் துணியில் ஒட்டிக்கொள்ளும். உலர்ந்ததும் முதுகில் கிழிசல், தேய்வு, பழுப்புப் புள்ளி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். பார்த்து முடித்ததற்கு அடையாளமாக மூலையில் பென்சிலால் மெல்ல மூன்று புள்ளி வைப்பாள். அதன் பிறகு படம் எடுத்து இணையக் கடையில் போடுவாள்.

போட்டுத்தான் என்ன? வாங்க ஆள் இல்லை. யோசனை சொல்லத்தான் ஊரே இருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே ‘அபூர்வம்’ என்று எழுதச் சொன்னான் முனீப். முத்திரையைச் சுற்றி ரோசாப்பூ இதழ் தூவிப் படம் எடுக்கச் சொன்னாள் கிண்ணியாவில் இருக்கிற தங்கை. தூவினாள். வந்தது ஒரே ஒரு கேள்வி: ரோசாக்கன்று விற்பனைக்கு உண்டா?

தவராசாவின் கதை வேறு. கொழும்பில் அவருக்கும் இணையத்தில் முத்திரைக் கடை. முந்நூறு பேருக்கு மேல் இருக்கிற சேகரிப்பாளர் வாட்ஸ்அப் குழுவுக்கும் அவர்தான் தலைவர். எட்டு மாதத்துக்கு முன் சனூஸாவின் முதல் முந்நூறு முத்திரையை வாங்கியவரும் அவர்தான். “தங்கச்சி, இது திருகோணமலை உப்புக்காத்தில கிடந்த சாமான். பழுப்படிக்கும். ஆரும் வாங்கமாட்டான். பாவமெண்டு நான் எடுக்கிறன்” என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத மாதிரி. அதன் பிறகு குழுவில் யாராவது அவள் கடையைப் பற்றிக் கேட்டால் போதும், “உப்புக்காற்று முத்திரை, கவனம்” என்று எழுதிவிடுவார்.

“ஒரு மாசம் தாங்க,” என்றாள் சனூஸா. “இந்த ஒரு மாசத்தில புதுசா இருபது பேர் வாங்கினா கடை இருக்கும். இல்லாட்டி சாக்கை நானே வானில ஏத்திவிடுறன்.”

முனீப் யோசித்தான். “முப்பதாம் திகதி பொழுதுபடுற மஃரிப் பாங்கு வரைக்கும். சொல் சொல்தான்.” தவராசாவுக்கும் சொன்னான். அவர் சிரித்துக்கொண்டே சம்மதித்தாராம்.

முதல் வாரம் ஒருவரும் வரவில்லை. இரண்டாம் வாரம் கிண்ணியாவில் ஒரு கலியாணம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, துவாயில் அறுபத்திரண்டு முத்திரை உலர்ந்து கிடக்கிறது. போகிற அவசரத்தில் கிடந்த மேனிக்கே அத்தனையையும் படம் எடுத்துக் கடையில் போட்டுவிட்டு ஓடினாள். சார்ஜரை வீட்டிலேயே விட்டாள். கலியாண வீட்டில் போன் செத்துப்போனது; யாரிடமும் கேட்டு உயிர்கொடுக்கவும் இல்லை.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்து போனைத் திறந்தபோது குழுவில் தவராசாவின் வரிதான் முதலில் கண்ணில் பட்டது: “திருகோணமலையில் ஒரு கடை முத்திரையின் முதுகை விற்கிறது. முகத்தைக் கழுவிவிட்டுப் பிறகு காட்டுவார்களாம்.” கீழே முப்பது சிரிப்புத் தலைகள். அறுபத்திரண்டு முத்திரையையும் குப்புறக் கிடந்தபடியே படம் எடுத்துப் போட்டிருந்தாள். முகம் ஒன்றுகூட இல்லை.

அவளுக்குக் காது சுட்டது. எல்லாவற்றையும் அழிக்கத்தான் விரலைக் கொண்டுபோனாள். அப்போதுதான் கடைக்கு வந்திருந்த செய்திகளைப் பார்த்தாள். “முதுகைக் காட்டிய முதல் கடை நீங்கள்தான். முகத்தைப் பார்த்து வாங்கி நான் ஏமாந்தது கொஞ்சமா? ஆறு வேண்டும்,” என்று ஒருவர். இன்னும் இரண்டு பேர் கேள்வியே கேட்காமல் வாங்கியிருந்தார்கள். எட்டு மாதத்தில் ஏழு பேர் எங்கே, இரண்டு நாளில் மூன்று பேர் எங்கே!

யோசித்துப் பார்த்தால் இதில் அதிசயம் இல்லை. முகத்தில் எல்லா முத்திரையும் அழகுதான். கிழிந்ததை ஒட்டியது, தேய்ந்தது, பழுப்படித்தது எல்லாம் முதுகில்தான் தெரியும். விற்பவனுக்கு அது தெரியும், ஆகவே காட்டமாட்டான். வாங்குபவனுக்கும் தெரியும், ஆனால் கேட்க வெட்கம்.

சனூஸா எதையும் அழிக்கவில்லை. கடையின் தலைப்பை மாற்றினாள்: ‘இவை திருகோணமலைத் துறைமுகத்து உப்புக்காற்றில் கிடந்த முத்திரைகள். முதலில் முதுகைப் பாருங்கள், பிறகு வாங்குங்கள்.’ ஒவ்வொன்றுக்கும் முதுகுப் படம் முதலில், முகம் பிறகு. குறையை முதல் வரியில் எழுதினாள்.

முனீப் தலையில் கை வைத்தான். “பொண்ணு பாக்க வந்தவங்களுக்கு முதல்ல பொண்ணுட குறையைச் சொல்றதா?”

“சொல்லியிருந்தா இந்த ஊரில பாதிச் சண்டை வந்திராது,” என்றாள் அவள்.

நான்கு, ஏழு, பதினொன்று என்று ஏறியது. தபால் கந்தோரில் கருமபீடத்தில் இருக்கிற ஜெயரூபி, “உங்கட கடிதத்துக்கு முத்திரை குத்தியே என்ர கை ஓய்ஞ்சு போச்சு” என்று சிரித்தாள். பதினான்காவதாக வந்தவர் மலேசியாவில், ஈப்போவில் இருக்கிற ஒரு பல் டாக்டர் அம்மா. முத்திரையின் ஓரப் பல்லையும் விடாமல் எண்ணிப் பார்க்கிற மனுஷி. பார்சல் கிடைத்த அன்று எழுதினார்: “உங்கள் முத்திரைகளின் மூலையில் பென்சிலில் மூன்று புள்ளி இருக்கிறது. கொழும்புக் கடை ஒன்றில் சில மாதங்களுக்கு முன் நான் வாங்கிய நாற்பதிலும் இதே மூன்று புள்ளி. அவை குளிரூட்டிய அறையில் பாதுகாத்தவை என்றார்கள். அந்தப் புள்ளி யாருடையது?”

சனூஸாவிடமிருந்து கொழும்புக்குப் போனது தவராசா வாங்கிய முந்நூறு மட்டும்தான். பாவமென்று வாங்கின சாமான்! இரண்டே வரி எழுதினாள்: “புள்ளி என்னுடையது. அந்த முத்திரைகள் இந்த முன்னறையில் இருந்துதான் போயின.” டாக்டர் அம்மா யாரையும் திட்டவில்லை. இரண்டு முதுகுப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குழுவில் போட்டு, “விளக்கம் தேவை” என்று மட்டும் எழுதினார். முற்றிய கத்தரிக்காய் கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. இருபத்தொன்பதாம் திகதி எண்ணிக்கை பத்தொன்பது.

முப்பதாம் திகதி பின்னேர அஸர் தொழுகை முடிந்த கையோடு வாசலில் வான் வந்து நின்றது. தவராசா இறங்கினார். வெள்ளைச் சேட்டு, கையில் கொழும்புக் கேக் பெட்டி. முன்னறைக் கதிரையில் உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்து, முனீப்பைப் பார்க்காமல் சனூஸாவைப் பார்த்தார்.

“எத்தினை பேர் தங்கச்சி?”

“பத்தொன்பது.”

“ஒண்டு குறையுது. சரி, எனக்கு உங்கட சாக்கு வேண்டாம். கடையை நீங்களே வச்சிருங்கோ.” குரலைத் தாழ்த்தினார். “அந்த முதுகுப் படங்களை எடுத்துவிடுங்கோ. டாக்டருக்கு ஒரு வரி எழுதுங்கோ, அந்தப் புள்ளி உங்கட இல்லை, ஆரும் வைக்கிற புள்ளிதான் எண்டு. நான் வந்த வழியே போறன்.”

சனூஸா அவரைப் பார்த்தபடி நின்றாள். ஒரு வரி. ஒரே ஒரு வரி எழுதினால் முன்னறை அவளுக்கு, பதினொரு சாக்கும் அவளுக்கு. எழுதாவிட்டால் இன்னும் ஒன்றரை மணித்தியாலத்தில் எல்லாம் வானில் ஏறிவிடும். மனது ஒரு கணம் அந்தப் பக்கம் சாய்ந்ததை அவள் மறைக்கப் பார்க்கவில்லை. தன்மேல் வந்த கோபத்தில் குரல்தான் உயர்ந்தது.

“ஏலாது.”

“தங்கச்சி, யோசிச்சுக் கதையுங்கோ.”

“யோசிச்சுத்தான் கதைக்கிறன். ஒவ்வொண்டையும் கண்ணுக்குக் கிட்ட வச்சுப் பாத்து வச்ச புள்ளி அது. என்ட புள்ளியை என்ட இல்லையெண்டு எழுதினா, பிறகு அந்தக் கடை ஆருட கடை?”

தவராசா முனீப்பிடம் திரும்பினார். “தம்பி, நீங்கள் சொல்லுங்கோ.”

முனீப் வாசலில் கிடந்த எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் அவன் கீறிய ‘மு’ வெயிலில் தெரிந்தது. “சொல் சொல்தான் அண்ணன்,” என்றான். “மஃரிப் வரைக்கும் அவவுக்கு நேரமிருக்கு. அதுவரைக்கும் அவவிட்ட ஒண்டும் கேக்காதீங்க.”

தவராசாவுக்கு முகம் கறுத்தது. எழுந்தார். மேசையில் விரித்திருந்த துவாயில் பாதி உலர்ந்து கிடந்த முத்திரை ஒன்றை விரலால் பிடித்துத் தூக்கினார். “இந்தக் கடதாசித் துண்டுக்கா இவ்வளவு திமிர்?” என்று அதை ஆட்டினார்.

முத்திரைக்காரன் முத்திரையை வெறும் விரலால் தொடமாட்டான். அதுவும் ஈரமாக இருக்கும்போது தொடவே மாட்டான். நேற்றுத் தொடங்கின சிறுபிள்ளைக்கும் தெரியும். கோபம் வந்தால் எந்தக் குழுத் தலைவருக்கும் அது மறந்துபோகும் போலிருக்கிறது. மூலை மடிந்தது. கேக் பெட்டியில் கசிந்து பெருவிரலில் ஒட்டிய எண்ணெயும் முதுகில் பதிந்தது. அவரே அதைப் பார்த்துவிட்டு, சுட்டது போலத் துவாயில் போட்டார்.

சனூஸா இடுக்கியால் அதை எடுத்தாள். ஒற்றுத்தாளுக்குள் வைத்து ஈரத்தை எடுத்தாள். குப்புற வைத்து, உற்றுப் பார்த்து, மூலையில் மூன்று புள்ளி வைத்தாள். படம் எடுத்தாள். தவராசா நின்றுகொண்டே இருந்தார். வான் சாரதி வாசலில் கொட்டாவி விட்டான்.

அவள் எழுதியதைச் சத்தமாக வாசித்தாள், இருவருக்கும் கேட்கட்டும் என்று: “பனாமா, கப்பல் படம். குறைகள்: இடப்பக்க மூலையில் ஒரு மடிப்பு, முதுகில் ஒரு பெருவிரல் எண்ணெய் அடையாளம். இரண்டும் இன்று மாலை, கொழும்பில் இருந்து வந்த ஒரு முத்திரை வியாபாரி வெறும் கையால் தொட்டதால் ஏற்பட்டவை. உப்புக்காற்றால் ஏற்பட்ட குறை எதுவும் இல்லை.”

“இதைப் போடப் போறீங்களோ?”

“போட்டாச்சு.”

தவராசா உட்கார்ந்துவிட்டார். “சரி, மஃரிப் வரைக்கும் இருக்கிறன். பழுதான சாமானை ஆர் வாங்குறான் எண்டு நானும் பாக்கிறன்.”

மூன்று பேரும் ஒரு போனைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். கேக் பெட்டியை யாரும் திறக்கவில்லை. முனீப் இரண்டு தரம் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டு வந்தான். மூன்றாம் தரம் வந்தவன் தன் போனை எடுத்து, அந்த முத்திரையை வாங்குகிற இடத்தில் விரலை வைத்தான்.

“நீங்க கணக்கில வரமாட்டீங்க,” என்றாள் சனூஸா, தலையைத் தூக்காமலே. அவன் போனைத் திரும்பச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

வெளியே வெளிச்சம் மங்கத் தொடங்கியது. தவராசா மணிக்கூட்டைப் பார்த்து, சாரதிக்குத் தலையை ஆட்டினார். சாரதி வானின் பின்கதவைத் திறந்தான். சனூஸா எழுந்தாள். சொன்ன சொல்லுக்காக, முதல் சாக்கை அவளே வந்து பிடித்தாள். கண் கலங்கத்தான் செய்தது. ஆனால் அந்த ஒரு வரியை எழுதவில்லை என்பதில் அவளுக்கு வருத்தம் இல்லை.

போன் ஒலித்தது.

நுவரெலியாவில் இருந்து, இதுவரை கடைக்கு வராத ஒருவர். காசு கட்டியாயிற்று. கீழே ஒரு குறிப்பு: “பனாமாக் கப்பல் எனக்கு. மடிப்போடே அனுப்புங்கள், நேராக்க வேண்டாம். எண்ணெயையும் துடைக்க வேண்டாம். அந்தப் பெருவிரல்காரரிடம் நானும் முன்பு வாங்கியிருக்கிறேன்.”

சனூஸா அதையும் சத்தமாகத்தான் வாசித்தாள், கடைசிச் சொல் வரைக்கும். வாசித்து முடிய, பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியது. அவள் சாக்கைக் கீழே விட்டுவிட்டு முக்காட்டை இழுத்துவிட்டாள்.

பாங்கு முடிந்தது. முனீப் கேக் பெட்டியை எடுத்துத் தவராசாவின் கையில் கொடுத்தான்.

“அண்ணன், வானைக் கொஞ்சம் முன்னுக்கு எடுக்கச் சொல்லுங்க,” என்றான். “எஞ்சினுக்கு முற்றத்தில தறப்பாள் கட்ட வேணும்.”