மேயர் கேட்டு வாங்கிய கார்ட்டூன்

"இந்த வாரக் கார்ட்டூன் வரட்டும்க்கா. மேயர் வெளியில தலைகாட்ட முடியாது. உன் தெருக் குழாயை மாத்தித்தான் ஆகணும்" என்று வெர்னன் அக்காவிடம் அடித்துச் சொல்லியிருந்தான்.

ஒஹையோவில் அந்த ஆற்றோர ஊரின் பத்திரிகைக்கு அவன்தான் கார்ட்டூனிஸ்ட். அக்கா லோர்னாவின் தெருவில் போன குளிர்காலத்திலிருந்து குழாயில் பழுப்புத் தண்ணீர்தான். அவள் மகளுக்கு உடம்பெல்லாம் தடிப்பு. மேயர் ட்ரக்மனோ குழாய்க்கு ஒதுக்கிய பணத்தில் கோல்ஃப் மைதானத்துக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார்.

கார்ட்டூன் வந்தது. மலை மாதிரி மேயர். கையில் தங்கக் குழாய். அதிலிருந்து ஷாம்பெயின் அவர் வாய்க்கே பாய்கிறது. காலடியில் எறும்பளவு ஜனங்கள், காலிக் கோப்பைகளை ஏந்தியபடி.

மறுநாள் பத்திரிகை ஆசிரியர் சிரித்துக்கொண்டே வந்தார். "ட்ரக்மன் போன் பண்ணினாரு."

"கேஸ் போடப்போறாரா?" வெர்னன் ஆசையாகக் கேட்டான்.

"ஒரிஜினல் வேணுமாம்ப்பா. ஃப்ரேம் போட்டு மாட்டப்போறாராம். கையெழுத்துப் போட்டு நீயே கொண்டுபோய்க் குடு."

அதொன்றும் புதிதல்ல. கார்ட்டூனில் அடி வாங்கியவரே படத்தைக் கேட்டு வாங்கிச் சுவரில் மாட்டுவார். வரைந்தவரும் பெருமையாகக் கொடுப்பார். வெர்னனும் எத்தனையோ கொடுத்திருக்கிறான். இந்த முறை மேயர் அலுவலகத்துக்கு லோர்னாவையும் கூட்டிப்போனான். அவள் கையில் ஒரு கண்ணாடி ஜாடி நிறைய வீட்டுக் குழாயின் பழுப்புத் தண்ணீர்.

"வாங்க தம்பி, வாங்க!" மேயர் படத்தை வாங்கி மேஜைமேல் விரித்தார். "என்னமா வரைஞ்சிருக்கீங்க! உங்க தொழில்ல பெருசா போட்டா பலசாலின்னுதானே அர்த்தம்? ஊரே என்கிட்டதான் கோப்பையை நீட்டுது பாருங்க. எலெக்‌ஷன் போஸ்டருக்கே இதை வைக்கலாம்!"

வெர்னன் படத்தை மறுபடி பார்த்தான். அந்த ஆள் படத்தைச் சரியாகத்தான் படித்திருந்தார்.

லோர்னா குனிந்து பார்த்தாள். "இதுல நான் எதுடா?"

அவன் ஒரு எறும்பைக் காட்டினான்.

"இவருக்குச் சட்டைப் பொத்தான் வரைக்கும் போட்டிருக்க. எனக்கு ஒரு மூக்கு போட மை தீர்ந்துபோச்சா?"

"அக்கா, அது வந்து..."

அவள் அவனை விட்டுவிட்டு மேயர் பக்கம் திரும்பி ஜாடியை நீட்டினாள். "குழாய் எப்ப சார் மாத்துவீங்க?"

"அடுத்த பட்ஜெட்ல பாப்போம்மா. இப்ப ஒரு போட்டோ எடுத்துக்கலாம், வாங்க." பத்திரிகையின் போட்டோகிராபர் ஏற்கெனவே தயாராக நின்றிருந்தான்.

வெர்னன் கையெழுத்துப் போட்டான். சிரிக்கச் சொன்னபோது பழக்கதோஷத்தில் சிரித்தும் வைத்தான்.

மறுநாள் முதல் பக்கத்தில் படம். அக்கா, தம்பி இருவர் தோளிலும் கைபோட்டபடி நடுவில் மேயர். ஒரு பக்கம் ஜாடியோடு லோர்னா. கீழே எழுதியிருந்தது: 'கேலியையும் ரசிக்கும் மேயர். கார்ட்டூனிஸ்டின் அக்கா அன்போடு கொண்டுவந்த ஐஸ் டீயுடன்.'

லோர்னா அதை வெட்டித் தன் வீட்டுச் சமையலறைக் குழாய்க்கு மேலே ஒட்டிவைத்தாள். தம்பி வந்து கை கழுவும்போதெல்லாம் படிக்கட்டும் என்று.