பையிலிருந்து வந்தது

மார்க்கையன்கோட்டையில் வீடு வீடாகப் போய், தொட்டியிலும் குடத்திலும் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்ப்பது முனீஸ்வரியின் வேலை. ஆறு வருடமாகப் பார்க்கிறாள். பழைய டயரைக் கவிழ்த்துப் போடச் சொல்லியும், பாசி பிடித்த தொட்டியைத் தேய்க்கச் சொல்லியும் அவள் போடும் சத்தத்துக்கு அந்தத் தெருக்களில் ஒரு மரியாதை இருந்தது. அவள் தலை தெரிந்ததும் சிலர் ஓடிப்போய்க் குடத்தை மூடுவார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ராமுத்தாய் வீட்டில் எல்லாம் சரியாகவே இருந்தது. கையெழுத்து வாங்கச் சாப்பாட்டு மேசைமேல் துணிப்பையை வைத்து நோட்டை உருவினாள். நோட்டோடு ஒரு கரப்பானும் வந்தது. சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். வெளிர்பழுப்பு உடம்பு, தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு. மேசையைக் கடந்து ஓடி, சோற்றுச் சட்டியின் மூடியில் ஏறி மீசையை ஆட்டியது.

கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்த ராமுத்தாய் திரும்பியபோது பூச்சி மூடிமேல் இருந்தது. தட்டிவிட்டுக் காலால் நசுக்கினாள். முகம் சுருங்கிவிட்டது.

"இது எங்கனருந்து வந்துச்சு? எங்க வீட்டுல இதுவரைக்கும் கண்டதில்லையே!"

முனீஸ்வரிக்குத் தெரியும். என் பைதான் அக்கா என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் அவள் வாயில் வந்தது வேறு.

"பூச்சி நடமாட்டம் இருக்கு போலக்கா. எச்சிப் பாத்திரத்த ராத்திரி போட்டு வைக்காதீக. தொட்டியடிய ஈரமில்லாம வைங்க."

ராமுத்தாய் அடுக்களை வாசலைப் பார்த்தாள். அங்கே மருமகள் ஷீபா தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தாள். கேரளத்துக் குமுளிப் பெண், கல்யாணமாகி மூன்று மாதம்.

"கேட்டியா? வெளியாளு வந்து சொல்ற அளவுக்கு வச்சிட்டியே. நீ வந்த பெறகுதான இதெல்லாம்!"

ஷீபா முனீஸ்வரி பக்கம் வந்தாள். செம்பை நீட்டினாள். முனீஸ்வரி அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

சின்னமனூரிலுள்ள தன் வீட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வரும் வழியெல்லாம் உடம்பு கூசியது. தெரியாமல் வந்த பூச்சி இல்லை அது. இரண்டு மாதத்துக்கு முன்பே தன் அடுக்களையில் பட்டப்பகலில் மிக்ஸி அடியில் ஒன்று ஓடியதைப் பார்த்தாள். பகலிலேயே ஒன்று வெளியே வந்தால் உள்ளே இடம் கொள்ளாத கூட்டம் இருக்கிறது என்று எத்தனையோ பேருக்கு அவளே சொல்லியிருக்கிறாள். தன் வீட்டில் மட்டும், ஒண்ணுதானே என்று விட்டாள். அலமாரி மூலையில் மிளகுத்தூள் மாதிரிக் கிடந்ததைத் துடைத்துவிட்டு, மிளகுத்தூள்தான் என்றே நினைத்துக்கொண்டாள். சிக்குப் பிடித்த எண்ணெய் வாடை ஒன்று வீட்டில் சுற்றியது. அதற்கு மழையைக் குறை சொன்னாள்.

வீட்டுக்குள் போனதும் ஃபிரிட்ஜை இழுத்தாள். புருஷன் கருத்தக்கண்ணன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். எதற்காவது ஆகுமென்று கொண்டுவந்த அட்டைப்பெட்டிகள் ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் தோள் உயரத்துக்கு நின்றன. அதற்கு மேலே ஆணியில்தான் அவள் தினமும் பையை மாட்டுவாள். மேல்பெட்டியைத் தூக்கியதும் அட்டையின் மடிப்பெல்லாம் உயிர் வந்தது போல் அசைந்தது. உளுந்தம்பருப்பு அளவில் பழுப்பு முட்டைக்கூடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. மோட்டாரின் சூட்டில் குஞ்சுகள் அப்பிக் கிடந்தன.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என்னத்துக்கு இப்பிடி உக்காந்திருக்க? பூச்சி இல்லாத வீடு எங்கன இருக்கு?" என்றான் கருத்தக்கண்ணன். அவள் எழுந்து அடுத்த பெட்டியை இழுத்தாள்.

அட்டை அத்தனையையும் வெளியே கொண்டுபோய்க் கொளுத்தினாள். தேனி பூச்சிமருந்துக் கடையில் ஜெல் மருந்து வாங்கி, கதவுக் கீல், ஸ்விட்ச் பெட்டி ஓரம், ஃபிரிட்ஜ் அடி என்று பொட்டுப் பொட்டாக வைத்தாள். ஸ்பிரே அடித்தால் பூச்சி சிதறி அடுத்த அறைக்குப் போய்விடும், ஜெல்லையும் தொடாது என்று கடைக்காரர் சொன்னதால் ஸ்பிரே வாங்கவில்லை. சுவர் விரிசலை வெள்ளைச் சிமெண்டால் அடைத்தாள். சொட்டிக்கொண்டிருந்த குழாய்க்கு வாஷர் மாற்றினாள். மாவையும் சீனியையும் இறுக மூடும் டப்பாவில் போட்டாள். பையை வெந்நீரில் ஊறவைத்து வெயிலில் காயப்போட்டாள். காலையில் கூட்டும்போது செத்ததை முறத்தில் அள்ளினாள்.

அடுத்த செவ்வாய் ராமுத்தாய் வீட்டுக்குள் போகும்போதே பினாயில் நெடி அடித்தது. முற்றத்தில் அடுக்களைச் சாமான் அத்தனையும் கிடந்தது. ஷீபா குந்தி உட்கார்ந்து டப்பாக்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"மூணாந்தடவையா தொலக்குறா. பூச்சி ஒண்ணும் சிக்கல. விடுவேனா நானு?" என்றாள் ராமுத்தாய்.

முனீஸ்வரி தொட்டியை எட்டிப் பார்த்தாள். கையெழுத்து வாங்கினாள். தெருமுனை வரை போய், வண்டியை நிறுத்திவிட்டு நின்றாள். திரும்பிப் போகவில்லை.

அதற்கடுத்த செவ்வாய் அவள் பையை வாசல் கம்பியில் மாட்டிவிட்டு வெறுங்கையோடு உள்ளே போனாள்.

"அக்கா, அன்னைக்கு அந்தக் கரப்பான் ஒங்க வீட்டுது இல்ல. என் பையிலருந்து வந்துச்சு. எங்க வீட்டுல மண்டிக் கெடக்கு. தெரிஞ்சும் ஒங்க வீட்டு மேல போட்டுட்டேன்."

ராமுத்தாய் அவளையும் வாசலில் தொங்கும் பையையும் மாறி மாறிப் பார்த்தாள். "அடியாத்தி! பதினாலு நாளு. அந்தப் பிள்ளைய நான் பேசாத பேச்சில்லையே. அவ ஆத்தாளுக்குப் போன் போட்டு வேற சொன்னேனே." வாசல் பக்கம் கையை நீட்டினாள். "இங்கனருந்து போத்தா. எனக்கு வாயில ஏதாச்சும் வந்துரும்."

அடுக்களையிலிருந்து ஷீபா வந்தாள்.

"நான் பாத்தேன் சேச்சி," என்றாள். "நோட்டோட சேந்து வெளிய வந்தத அன்னைக்கே பாத்தேன்."

முனீஸ்வரி அவள் பக்கம் திரும்பினாள். "அப்பவே சொல்லிருக்கலாமேம்மா."

"யாரு நம்புவாக? நீங்க ஊருக்கே சுத்தம் சொல்ற ஆளு. நான் நேத்து வந்தவ." அவள் குரலில் கோபமில்லை. "நீங்களே சொல்லிருவீகன்னு நெனச்சேன். அடுத்த வாரமும் வந்தீக."

அவ்வளவுதான் சொன்னாள். ராமுத்தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மருமகள் பக்கத்தில் போய் அவள் கையைப் பிடிக்கப் பார்த்தாள். ஷீபா கையை விலக்கவில்லை, கொடுக்கவுமில்லை. அவர்களுக்கு நடுவில் நிற்கத் தனக்கு இடமில்லை என்று முனீஸ்வரிக்குப் பட்டது. கையெழுத்தும் கேட்காமல் வெளியே வந்து பையை எடுத்துக்கொண்டாள்.

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தாள். இறங்கவில்லை.

அடுத்த வீட்டு வாசலில் அழகர் பெண்டாட்டி சுவரோரமாக நின்றிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும். அவள் பார்வை முனீஸ்வரியின் முகத்தில் இல்லை, பையில் இருந்தது.

"நான் உள்ள வரல மதினி. எங்க வீட்டுல கரப்பான் இன்னும் முழுசாப் போகல," என்றாள் முனீஸ்வரி. "தொட்டிய நீங்களே தொறந்து காட்டுங்க. இங்கன நின்னே பாத்துக்கிறேன்."

அழகர் பெண்டாட்டி போய்த் தொட்டி மூடியைத் தூக்கினாள்.