கேப்டனின் தம்பி

பெட்டி மாடிப்படித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. "சாய்ச்சுப் பிடிங்க, சாய்ச்சு!" என்று கீழ்வீட்டுத் தையல்காரர் அதிகாரம் பண்ண, நான்கு சிப்பாய்கள் மூச்சைப் பிடித்துத் தூக்கினார்கள். கைகொடுக்க வேண்டிய தம்பிக்காரன் படிக்கட்டு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய கல்லூரிச் சிநேகிதர்கள் எதிர்ச்சுவரில் பேனர் கட்டி முடித்திருந்தார்கள்.

'வீரமரணம் எய்திய எங்கள் கேப்டனுக்கு வீரவணக்கம்.'

அண்ணன் கேப்டன் இல்லை. பட்டாளத்துச் சமையல்காரன். அதற்கு முன்னால் ஓட்டலில் காய் நறுக்கினான். முன்வரிசைக் காவலுக்குச் சாப்பாடு கொண்டுபோன வண்டிமேல் குண்டு விழுந்து செத்துப்போனான். முதல் வருடம், முதல் வாரம், வகுப்பில் எல்லாருடைய அண்ணன்களும் டாக்டராகவும் இன்ஜினியராகவும் இருந்து தொலைத்ததால், தம்பி வேறு வழியில்லாமல் தன் அண்ணனுக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டான். பட்டாளம் ஆறு வருடமாகக் கொடுக்காததை அரை நிமிடத்தில்.

அம்மா சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். பெட்டியை முன்னறையில் இறக்கியதும், மேலே போர்த்தியிருந்த கொடியில் ஒரு மடிப்பு கண்ணில் பட, உள்ளங்கையால் நீவிக்கொண்டே இருந்தாள். அது போகிற வழியாக இல்லை.

சிநேகிதர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக உள்ளே வந்தார்கள். ஒட்டடைக்குச்சி என்று கல்லூரியே கூப்பிடும் நெட்டையன், மூத்த சிப்பாயின் முன்னால் போய் விறைப்பாக நின்றான்.

"சார், நானும் பட்டாளத்துல சேரணும்னு கேப்டனுக்கு லெட்டர் போட்டேன் சார். இவன் மேஜைல இருந்த கவர்ல அட்ரஸ் பாத்து. பதில் போட்டாரு. 'கண்ணுல தண்ணி வராம வெங்காயம் உரிக்கக் கத்துக்கோ, மத்ததெல்லாம் தானா வரும்'னு. அது என்ன சார், கோட் வேர்டா?"

தம்பி இரண்டடி பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

சிப்பாய் நெட்டையனைப் பார்த்தார். ஜன்னல் வழியாகப் பேனரைப் பார்த்தார். கடைசியில் தம்பியைப் பார்த்தார்.

"ஆமாப்பா, கோட் வேர்டுதான். வெளிய சொல்லக் கூடாது."

பிறகு தம்பியை ஓரமாக நகர்த்திக் கொண்டுபோய்க் குரலைத் தாழ்த்தினார். "அந்த லெட்டர் வந்தன்னிக்கு அடுப்படியே சிரிச்சுது தம்பி. 'எங்க வீட்டுத் துரை எனக்கு பிரமோஷன் குடுத்திருக்கான், சல்யூட் அடிங்கடா'ன்னு கரண்டியோட சுத்தி வந்தாரு. அன்னையிலருந்து நாங்களும் கேப்டன்னுதான் கூப்பிடறது. 'எங்க வீட்டுப் பக்கம் போனா காட்டிக் குடுத்துடாதீங்கடா, பையன் கூனிக்குறுகிப் போயிடுவான்'னு சொல்லி வெச்சிருந்தாரு."

தனக்கு நாலு வார்த்தை திட்டி எழுதியிருந்தால் தேவலை என்றிருந்தது தம்பிக்கு. லீவில் வந்தபோதும் அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. "உன் காலேஜை வந்து பாக்கட்டுமாடா?" என்றான், ஒரே ஒரு தடவை. "எதுக்கு, இந்த வெயில்ல" என்றான் இவன். "ஆமாமா, வெயில் ஜாஸ்தி" என்று அண்ணன் ஒப்புக்கொண்டான். அது மழைக்காலம்.

தம்பி அறையின் நடுவுக்கு வந்தான்.

"டேய், எங்க அண்ணன் கேப்டன் இல்லடா." குரல் கிறீச்சிட்டது. "சமையல்காரன்டா. நான் பொய் சொன்னேன்."

கொடியின் மேல் அம்மாவின் கை நின்றது.

ஒட்டடைக்குச்சிதான் முதலில் சுதாரித்தான். ஓடிவந்து தோளோடு அணைத்துக்கொண்டான். "அதிர்ச்சிடா. என்ன பேசறோம்னே தெரியல, பாவம். யாராவது தண்ணி கொண்டாங்க."

தண்ணீர் வந்தது. சிப்பாய் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். இன்னொரு தடவை சொல்லலாம். எல்லாரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தம்பி டம்ளரை இரண்டு கையாலும் வாங்கி, அவசரமே இல்லாமல், கடைசிச் சொட்டு வரை குடித்தான்.