நாவலுக்கு முன்னால் ஏழு நிமிடம்

1.

என் நாவலின் கடைசிப் பக்கத்தில் பதிப்பாளர் என் போன் நம்பரைப் போட்டுவிட்டார். இந்தக் கதை அங்கே தொடங்கியது. ஆறு வருடத்தில் வந்தவை மூன்றே அழைப்புகள். முதலாமவர் எழுத்துப் பிழைகளைப் பக்க எண்ணோடு வாசித்துக் காட்டினார். இரண்டாவது ராங் நம்பர். மூன்றாவது கலைமதி.

நான் செஞ்சியில் குடியிருக்கிறேன். வல்லத்தில் கணக்கு டீச்சர். நான் எழுதிய ஒரே நாவல் அது. அதில் ஓர் ஊர். அங்கே யாரும் யாரையும் கேள்வி கேட்கக் கூடாது என்று சட்டம். ‘சாப்டியா’ என்றுகூடக் கேட்க முடியாது. ‘சாப்பாட்டு நேரம்’ என்று சொல்லிக்கொள்ளலாம். மங்கை என்ற பெண் ஒருநாள் சந்தையில் நின்று கேள்வி கேட்கிறாள். கடைசிப் பக்கத்தில் அவளைக் கொன்றுவிடுகிறார்கள். கொன்றது நான்தான்.

கலைமதி தன் அப்பாவின் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பவள். கல்யாணம், சாவு, திருவிழா எல்லாவற்றுக்கும் போவார்கள். என் நாவலுக்கு ஏழு நிமிட இசை ஒன்று போட்டிருப்பதாகவும், வாசிக்க என் சம்மதம் வேண்டும் என்றும் சொன்னாள்.

2.

“செஞ்சிக்கோட்டையின் நிழல் நீண்டு விழுந்த ஒரு மாலையில், கலைமதி தன் கிளாரினெட்டை—”

(விட்டுவிட்டேன். செஞ்சியைப் பற்றி எழுதுகிற எல்லோரும் கோட்டை நிழலில்தான் தொடங்குகிறார்கள். நாங்கள் சந்தித்தது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், ஜூஸ் கடையில்.)

“அவள் கண்களில் ஆழ்ந்த சோகம்—”

(இல்லை. பசிதான் இருந்தது. காலை முகூர்த்தம் முடித்து நேரே வந்திருந்தாள். இரண்டு முட்டை பப்ஸ் சாப்பிட்ட பிறகுதான் பேசினாள்.)

மங்கையின் சாவுக்குத்தான் இசை போட்டிருப்பாள் என்று நினைத்து, அந்த இடம் எப்படி வந்திருக்கிறது என்று கேட்டேன்.

“அது இதுல இல்ல டீச்சர். இது ஓவர்ச்சர். நாடகத்துல தெர தொறக்கறதுக்கு முன்னாடி வாசிக்கறது. அந்தச் சட்டம் வர்றதுக்கு முன்னாடி ஜனங்க எப்டி பேசினு இருந்தாங்கன்னு நீங்க எழுதவேயில்ல. அதத்தான் நான் போட்டிருக்கேன்.”

இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அவள் சொன்னது சரி. ஒரு வரிகூட இல்லை. அந்த ஊர் பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்பதுபோல எழுதியிருந்தேன்.*

* எழுதிய வருடம் எல்லோர் மேலும் கோபமாக இருந்தேன். காரணம் இந்தக் கதைக்கு வேண்டாம்.

3.

பேண்டில் ஆறு பேர். யாருக்கும் இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. கலைமதி ஒவ்வொரு வரியாகப் பாடிக் காட்டினாள். அவர்கள் வாசித்துப் பிடித்துக்கொண்டார்கள். அவள் அப்பா தனசேகரனுக்கு டிரம்பெட். முப்பது வருடமாகச் சினிமாப் பாட்டும் சாமிப் பாட்டும் வாசித்தவர். தெரியாத மெட்டுக்கு எவனும் நிற்கமாட்டான் என்று மகளிடம் சொல்லாமல் என்னிடம் வாதாடினார்.

அவருடைய பகுதி, ஒருவர் பக்கத்து வீட்டைக் கூப்பிட்டு ஏதோ கேட்பதுபோல இருக்கும். கிளாரினெட் பதில் சொல்லும். ஒவ்வொரு தடவையும் பாட்டை முடிப்பதுபோல ஆதார சுருதிக்கு இறங்கி நிறுத்திவிடுவார். மேலேயே விட வேண்டும் என்பாள் மகள். முடிக்காமல் விட அவருக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பழக்கம் போக மூன்று வாரம் பிடித்தது.

4.

இந்தப் பகுதியை இரண்டு முறை எழுதினேன். அவலூர்பேட்டையில் புதிய சந்தைக் கொட்டகை திறப்பு. சிறப்பு விருந்தினர் வரும்வரை எதையாவது வாசிக்கச் சொல்லியிருந்தார்கள். கலைமதியின் ஏழு நிமிடத்தைத் தொடங்கினார்கள். நாலாவது நிமிடத்தில் அவருடைய கார் வந்துவிட்டது. வரவேற்புப் பாட்டுக்கு மாறச் சொல்லி விழாக்குழுக்காரர் கையைத் தூக்கினார்.

முதல் பிரதியில் தனசேகரன் அந்தக் கையைப் பார்க்கிறார். நிறுத்தவில்லை. கூட்டம் எழுந்து நிற்கிறது. விருந்தினரே காருக்குப் பக்கத்தில் நின்று—

கலைமதி என் போனில் அதைப் படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“எங்க நைனா அப்டி இல்ல டீச்சர். கை தூக்கனா நிறுத்திடுவாரு. நிறுத்தாத பேண்ட அடுத்த தபா யாரு கூப்புடுவா?”

நிறுத்தினார். ஆறு பேரும் நிறுத்தினார்கள். அடுத்த நொடி வரவேற்புப் பாட்டு. மூன்றாவது வரிசையிலிருந்து கலைமதியைப் பார்த்தேன். முகம் சிவந்திருந்தது. விரல்கள் மட்டும் ஒரு பிசகும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன.

(இங்கேயே முடித்துவிடலாம். இப்படி முடிக்க எனக்குப் பழக்கம் உண்டு.)

5.

ஆனால் விழா முடிந்து, வேனில் டிரம்மை ஏற்றிக்கொண்டிருந்தபோது, சந்தையில் கீரை விற்கும் அம்மாக்கண்ணு வந்தார். அது இன்னா பாட்டு, ஏன் பாதியில் விட்டீர்கள் என்று கேட்டார். எந்தப் படத்திலும் வந்த பாட்டில்லை, நாங்களே போட்டது என்றாள் கலைமதி.

“அதான் கேக்கறேன். தெரிஞ்ச பாட்டா இருந்தா மீதிய நானே பாடிக்கினு போயிருப்பேன். மீதி இன்னான்னு தெரியலயே.”

தனசேகரன் மூடிய பெட்டியைத் திறந்தார். டிரம்மை இறக்கச் சொன்னார்.

வெங்காய மூட்டைகளுக்கு நடுவில், முதலிலிருந்து வாசித்தார்கள். டிரம்பெட் கேட்டது, கிளாரினெட் பதில் சொன்னது, பிறகு கிளாரினெட்டும் கேட்டது. என் ஊர் ஜனங்கள் பேசுவது எனக்குக் கேட்டது. குழம்பு கொதிச்சிடுச்சா, பஸ் போயிடுச்சா, உன் பேர் இன்னா? நான் உண்டாக்கிய ஊர்தான். அவர்கள் குரலை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். ஆட்டோக்காரர்களையும் சேர்த்துப் பதினொரு பேர் நின்றார்கள். கணக்கு டீச்சர், எண்ணாமல் இருக்க முடியாது. ஏழு நிமிடமும் ஒருவரும் நகரவில்லை.

6.

திரும்பி வரும்போது வேனில் தனசேகரன் என்னிடம் நாவலைக் கேட்டார். எட்டாவது வரை படித்தவர். கதைப் புத்தகம் தொட்டதில்லை. இப்போது ஒரு முகூர்த்தத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் நாலைந்து பக்கம் படிக்கிறார். சாயங்காலம் என் வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே சந்தேகம் கேட்பார். நூற்று நாற்பதாவது பக்கத்துக்கு வந்துவிட்டார். நேற்று, “இந்தப் பொண்ணு நல்லா இருப்பாளா டீச்சர்?” என்றார். நான் தண்ணீர் கொண்டுவர உள்ளே போய்விட்டேன்.

முடிவைச் சொல்லக் கூடாது என்று கலைமதி கட்டளை. நாவலுக்கு முன்னால் வைக்க ஒரு அத்தியாயம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒன்பது பக்கம் ஆகிறது. எல்லோரும் எல்லோரையும் ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தை மாற்றுவேனா, தெரியவில்லை. மாற்றினாலும் தனசேகரன் கையில் இருப்பது பழைய பிரதி.

தை பிறப்பதற்குள் முடித்துவிடுவார். அன்றைக்கு வண்டியிலிருந்து இறங்குவார் என்று நினைக்கிறேன். என்ன கேட்பார் என்று எழுத எனக்குத் தைரியமில்லை. ஏற்கனவே ஒருமுறை அவரைத் தப்பாக எழுதிவிட்டேன். நீங்களும் இப்போது அவரை அறிவீர்கள்.

நீங்கள் போய்க் கதவைத் திறங்கள். மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்.