எந்த வேலூர் ஸ்டேஷன்?

பத்து மணிக்கே ஜெயம்மாள் வேலூர் கண்டோன்மெண்ட் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். மடியில் துணி மூட்டை. ரவிக்கைக்குள் ஒரு கார்டு. அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அதிலிருந்தது முழுவதும் மனப்பாடம்.

'வெள்ளிக்கிழமை பகல் வண்டியில் பம்பாய் போகிறேன். தாராவியில் தோல் ஷாப்பில் வேலை. உனக்கும் டிக்கெட் எடுத்தாச்சு. பதினொன்றரைக்கு வேலூர் ஸ்டேஷனில் இரு. வராவிட்டால் உன் மனசைத் தெரிந்துகொள்வேன். அப்புறம் கடுதாசி வராது.'

எழுதியது அவள் புருஷன் கன்னியப்பன். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் புரட்டுகிறவன். ஏழு மாதத்துக்கு முன்னால் கைக்குழந்தை காய்ச்சலில் போனபோது, ஜெயம்மாள் தெருவே கேட்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள். "இந்தத் தோல் நாத்தத்துல இனிமே கால் வைக்க மாட்டேன். நீயும் என்னைத் தேடி வராதே." அன்றைக்கே வேலூருக்குத் தாய் வீடு வந்தவள்தான். அவன் வரவில்லை. கார்டுதான் வந்தது.

இன்று அவள் போகாவிட்டால், அந்தப் பழைய வார்த்தையே அவளுடைய பதிலாகிவிடும்.

பதினொன்று அடித்தது. எதிர்ப்பக்கம் தோல் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கையில் பச்சைக் கொடியோடு போன பாயிண்ட்ஸ்மேன் பஞ்சாட்சரத்தை அவள் நிறுத்தினாள்.

"அண்ணே, ஆம்பூர் வண்டி இந்தப் பக்கம் வருமா, அந்தப் பக்கமா?"

"எந்தப் பக்கமும் வராது."

"வெளையாடாதீங்கண்ணே."

"ரயிலு இன்னாம்மா, மாட்டு வண்டியா? ஓட்டிக்கினு எங்க வேணா போறதுக்கு? இது சின்ன லைன். விழுப்புரத்துக்கும் காட்பாடிக்கும் போற வண்டிதான் வரும். ஆம்பூர் வண்டி பெரிய லைன்ல காட்பாடியோட போய்டும்."

"வேலூர் ஸ்டேஷன்னு கார்டுல எழுதிக்குதே!"

"எழுதினது யாரு? ஆம்பூர்க்காரனா? அட, அவங்களுக்குக் காட்பாடிதாம்மா வேலூர் ஸ்டேஷன்!"

விஷயம் அவ்வளவுதான். அந்தக் காலத்தில் பெரிய லைன் போட்டவர்கள் பாலாற்றின் வடகரையோடு போய்விட்டார்கள். ஊர் தென்கரையில் நின்றுவிட்டது. வேலூருக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் காட்பாடியில் இறங்கி, வண்டி பிடித்து ஆற்றைத் தாண்டினார்கள். அதையே வேலூர் ஸ்டேஷன் என்றும் சொல்லிப் பழகினார்கள். பிற்பாடு சின்ன லைன் ஊருக்குள்ளேயே வந்தது. ஊர்க்காரர்களுக்கு இதுதான் ஸ்டேஷன். ஆம்பூர்க்காரர்கள் மட்டும் பழைய பேச்சை விடவில்லை.

ஜெயம்மாள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"ஓடாதேம்மா! அஞ்சு மைலு. தோ, காட்பாடி வண்டி வருது. டிக்கெட் வாங்கிக்கினு ஏறு."

ஏறினாள். பாலாற்றுப் பாலத்தில் வண்டி ஊர்ந்தது. கீழே வெறும் மணல். நடுவில் நின்றேவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த கிழவர் சாவகாசமாகச் சொன்னார்: "சிக்னல் கைகாட்டி இன்னும் சாயலம்மா. பெரிய லைன் வண்டி போனப்புறம்தான் நம்மள வுடுவான்."

அவர் சொன்னதுபோலவே நடந்தது. காட்பாடியில் அவள் இறங்கி, பெரிய லைன் பக்கம் போக ஸ்டேஷன் நடைபாலத்தில் படியேறும்போது ஆம்பூர் வண்டியின் கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"ஜெயம்மா, ஜெயம்மான்னு ஒருத்தன் கத்திக்கினு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினான். நீதானா அது?" என்றாள் முறுக்கு விற்கிறவள். "வண்டி நவுந்தப்புறம்தான் ஏறினான்."

ஜெயம்மாள் அழவில்லை. நேரே தந்தி குமாஸ்தாவின் ஜன்னலுக்குப் போனாள். அவர் பெயர் வில்சன். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு காகிதத்தை எடுத்தார்.

"பம்பாய் வண்டிக்கு அரக்கோணத்துல மாறணும். மூணரை வரைக்கும் அங்கதான் இருப்பான். எழுதட்டுமா? 'ஜெயம்மாள் வேலூர் ஸ்டேஷனுக்கு வந்தாள். காத்திரு.'"

"ஐயோ, அப்படி எழுதாதீங்க சார்! தான் நின்னதே வேலூர் ஸ்டேஷன்தான்னு எம் புருஷன் நெனச்சிக்கினு இருக்குது. நான் அங்க நின்னேன், இவ எங்க வந்தா, பொய் சொல்றா பாருன்னு சொல்லும்."

வில்சன் பேனாவை நிறுத்தினார். "பின்ன இன்னா எழுதறது?"

"சின்ன லைன் ஸ்டேஷன்ல நின்னேன்னு போடுங்க."

"கண்டோன்மெண்ட்டுன்னு போடறேன். ஆம்பூர்க்காரனுக்குப் புரியுமா?"

"தெரியலியே சார்."

தந்தி போனது. அடுத்த வண்டி இரண்டு மணிக்கு. அது அரக்கோணம் சேர நாலாகும் என்று வில்சன் சொன்னார்.

"அதுக்குத்தானே சார் காத்திருன்னு போட்டுக்குது," என்றாள் ஜெயம்மாள்.

அரக்கோணத்தில் அவள் இறங்கியபோது நாலேகால். பம்பாய் வண்டி நின்ற இடத்தில் வாழை இலைகளும் தண்ணீரும்தான் கிடந்தன. அந்த ஸ்டேஷன் தந்தி குமாஸ்தா இருதயராஜ் தானாகவே வெளியே வந்தார்.

"நீதானேம்மா கண்டோன்மெண்ட்?"

அவள் தலையாட்டினாள்.

"மூணு தரம் படிச்சுக் காட்டினேன். கண்டோன்மெண்ட்டுன்னா இன்னா சார்னு கேட்டுக்கிட்டே இருந்தான். ஊருக்குள்ள இன்னொரு ஸ்டேஷன் இருக்குதுடான்னேன். அப்பத்தான் புரிஞ்சுது. தலையில அடிச்சுக்கிட்டு உக்காந்துட்டான்."

"அப்புறம் ஏன் சார் போச்சு?"

"அவனா போனான்? கூட்டத்தோட வந்தாத்தான் வேலை, இல்லேன்னா கிடையாதுன்னுட்டார், பம்பாய்க்கு ஆள் கூட்டிப்போற மேஸ்திரி ரஃபி அகமது. சட்டையப் புடிச்சு உள்ள இழுத்துக்கிட்டார். படியில நின்னுக்கிட்டே இதை என் கையில திணிச்சான்."

டிக்கெட். அவளுக்காக எடுத்தது.

"நாளைக்கு இதே வண்டியில ஏத்திவிடச் சொன்னான். ரெண்டு ராத்திரி ஆகும். பெண்கள் பெட்டியில உக்காந்துக்கோ. பயப்படாதே. அங்க வந்து நிக்கறேன்னு சொல்லியிருக்கான்."

ஜெயம்மாள் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் இருந்த எழுத்தில் ஒன்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"எங்க வந்து நிக்குமாம்?"

"பம்பாய் ஸ்டேஷன்லன்னு சொன்னான்."

அவள் நிமிர்ந்தாள்.

"பம்பாயில எத்தினி ஸ்டேஷன் சார் இருக்குது?"

இருதயராஜ் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.